கற்றலின் முக்காற்கூறு: கவின்கலை முதுநிலைப் படிப்பும் சென்னையின் மேற்குப் புறநகரும்

ஆய்வுச் சுருக்கம்

கவின்கலை முதுநிலைப் பட்டப்படிப்பில் மாணவர் எதைக் கற்கின்றனர் என்னும் வினாவுக்குக் கைத்திறன் என்பதே பொதுவாகத் தரப்படும் விடையாகும். இவ்விடை இளநிலைக்குப் பொருந்துவது, முதுநிலைக்குப் போதாதது. தன் படைப்பைத் தானே வினவவும் பிறர்க்கு விளக்கவும் கற்பதே முதுநிலையின் தனிப்பாடம் என்பதை நன்னூல் பொதுப்பாயிரத்தின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. சென்னைக் கவின்கலைக் கல்லூரியின் வரலாறும், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மேற்குப் புறநகர்களின் தொழிற்சூழலும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. கலைப்படைப்பை விளக்குவதற்கான தமிழ் வடிவமாகக் காண்டிகையுரை முன்மொழியப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கவின்கலைக் கல்வி, முதுநிலைப் பட்டம், நன்னூல், காண்டிகை, அம்பத்தூர், உழைப்பாளர் சிலை

முன்னுரை

சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி பெரியமேட்டில் ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் அமைந்துள்ளது. மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் தொடங்கிய கலைப்பள்ளியின் வழிவந்த நிறுவனம் இது. அச்சாலையின் பழைய பெயர் பூந்தமல்லி நெடுஞ்சாலை. மேற்கு நோக்கிச் சென்றால் மதுரவாயலைக் கடந்து பூந்தமல்லியை அடையலாம். கல்லூரிக்கு அண்மையிலுள்ள சென்ட்ரல் நிலையத்திலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் இரயில்கள் அம்பத்தூர், ஆவடி வழியாகவே செல்கின்றன. சாலையாலும் இருப்புப்பாதையாலும் கல்லூரி மேற்குப் புறநகருடன் இணைந்திருக்கிறது.

எனினும், சென்னையின் நவீனக் கலை வரலாற்றைப் பேசும் எழுத்துகளில் பெரியமேடு, 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமம், கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாதெமியின் மண்டல மையம் ஆகியவையே பெரும்பாலும் இடம்பெறுகின்றன. உலோகமும் துணியும் நாள்தோறும் வடிவம் பெறும் மேற்குப் புறநகர் அவ்வரைபடத்தில் காணப்படுவது அரிது. முதுநிலைக் கலைக்கல்வியின் பாடம் எது என்பதைப் பற்றிய குறுகிய பார்வையே இதற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

பட்டத்தின் அமைப்பு

இந்தியப் பல்கலைக்கழகங்களில் கவின்கலை இளநிலைப் பட்டம் நான்காண்டுக் காலமும், முதுநிலைப் பட்டம் ஈராண்டுக் காலமும் கொண்டதாகப் பொதுவாக அமைகின்றன. தமிழகத்தின் அரசு கவின்கலைக் கல்லூரிகள் 2013-இல் நிறுவப்பெற்ற இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்துடன் இணைவு பெற்றுள்ளன. ஓவியம், சிற்பம், பதிப்போவியம், காட்சித் தொடர்பு வடிவமைப்பு, சுடுமண், துணி வடிவமைப்பு எனத் துறைகள் பகுக்கப்பட்டுள்ளன.

முதுநிலைப் படிப்பின் கூறுகளை நான்காகத் தொகுக்கலாம். முதலாவது, மாணவர் தாம் தேர்ந்த துறையில் தொடர்ந்து படைக்கும் பட்டறைப் பணி. இரண்டாவது, கலை வரலாறும் அழகியலும். மூன்றாவது, செய்த வேலையை நடுவில் வைத்து ஆசிரியரும் உடன்பயில்வோரும் கூடிப் பேசும் விமரிசன அமர்வு. நான்காவது, இறுதிக் காட்சியும் அதனையொட்டிய எழுத்துரையும் வாய்மொழித் தேர்வும்.

முதல் இரண்டும் இளநிலையிலும் உள்ளவை. அங்கே உடற்கூறு, நிறக்கலவை, வார்ப்பு, அச்சு எனப் பயிற்சிகள் வரிசைப்பட்டிருக்கின்றன. ஆசிரியர் பணியைத் தருகிறார், மாணவர் முடிக்கிறார். முதுநிலையில் பணியைத் தருபவரும் மாணவரே. எதைச் செய்வது, ஏன் செய்வது, எப்போது நிறுத்துவது என்பவற்றை அவரே முடிவு செய்கிறார். ஆகவே பின்னிரண்டு கூறுகளே முதுநிலையைத் தனித்துக் காட்டுகின்றன. நடைமுறையில், பட்டறைப் பணியின் பயிற்சிகளைப் பட்டியலிடுவது எளிது. விமரிசன அமர்வில் கற்பது எது என்பதைப் பாடத்திட்டத்தில் எழுதுவது கடினம். எழுத இயலாதது பாடமே அன்று என்னும் எண்ணம் இதனால் தோன்றிவிடுகிறது.

இச்சிக்கல் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கல்லூரிக் கலைச் சங்கம் 1977-இல் கவின்கலை முதுநிலைப் பட்டத்தைப் பட்டறைக் கலையின் இறுதிநிலைப் பட்டமாக ஏற்றது. கால் நூற்றாண்டுக்குப் பின்னரும், கலையைக் கற்பிக்க இயலுமா என்னும் ஐயத்தையே தலைப்பாகக் கொண்டு ஜேம்ஸ் எல்கின்ஸ் 2001-இல் ஒரு நூல் எழுத வேண்டியிருந்தது. அந்நூலின் பெரும்பகுதி விமரிசன அமர்வைப் பற்றியதாக இருப்பது கருதத்தக்கது.

நன்னூலின் பங்கீடு

இவ்வினாவை அணுகத் தமிழில் தெளிவான அளவுகோல் ஒன்று உண்டு. பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்தில் நூல், ஆசிரியன், பாடம் சொல்லும் முறை, மாணாக்கன், பாடம் கேட்கும் முறை ஆகியவற்றை வகுத்துரைக்கிறார். பாடம் கேட்கும் முறையில் கற்றலுக்கு ஒரு கணக்கும் தருகிறார். ஆசிரியன் உரைத்ததை முழுவதும் பொருந்தக் கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது காற்கூறு புலமையே. உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறு கிட்டுகிறது. எஞ்சிய அரைக்கூறு, கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக விரித்துரைப்பதால் நிறைகிறது.

இப்பங்கீட்டைக் கலைக்கல்வியோடு பொருத்தினால் முதுநிலையின் பாடம் தெளிவாகிறது. இளநிலை பெரிதும் முதற் காற்கூற்றைச் சார்ந்தது. விமரிசன அமர்வு, உடன்பயில்வோரால் வரும் இரண்டாம் காற்கூறு. இறுதிக் காட்சியையொட்டிய உரை, விரித்துரைத்தலாகிய அரைக்கூறு. முதுநிலை மாணவர் கற்பது இந்த முக்காற்கூற்றையே ஆகும். ஈராண்டும் பட்டறைத் திறனை மெருகேற்றுவதற்கே செலவிடப்பட்டால், முதற் காற்கூறு மீண்டும் ஒருமுறை கற்பிக்கப்படுகிறது. மாணவர் இளநிலையின் ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளையே பயின்றவராகிறார்.

இதற்கு மாறான மரபும் தமிழில் உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் அரசன் முன் ஆடித் தலைக்கோற் பட்டம் பெறுகிறாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளைக் காதை விரிவாகக் கூறுகிறது. கற்றவள் தன் கலையைச் சொல்லால் விளக்கவில்லை. ஆட்டமே அவளுடைய விடை. இறுதிக் காட்சி இம்மரபைச் சார்ந்தது. வாய்மொழித் தேர்வு நன்னூல் மரபைச் சார்ந்தது. அரங்கேற்றமும் விரித்துரையும் ஒரே பட்டத்தில் சந்திப்பதே கவின்கலை முதுநிலையின் தனித்தன்மையும் இடர்ப்பாடும் ஆகும்.

பள்ளியின் வரலாறு காட்டுவது

சென்னைக் கலைப்பள்ளி தொடக்கத்தில் தொழிற்கலையையே முதன்மையாகக் கொண்டிருந்தது. 1884-இல் சென்னைக்கு வந்த ஈ.பி. ஹாவெல் கைவினைத் தொழில்களின் மீது கருத்துச் செலுத்தினார். 1890களின் இறுதியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் மேற்கொண்ட அலுமினியப் பாத்திர உற்பத்திச் சோதனைகள் இப்பள்ளியின் பட்டறையில்தான் நிகழ்ந்தன. கலைப்பள்ளியும் தொழிற்கூடமும் அன்று ஒரே கூரையின்கீழ் இருந்தன.

தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமையேற்றிருந்த காலத்தில் பள்ளி கவின்கலையை நோக்கித் திரும்பியது. 1957-இல் பொறுப்பேற்ற கே.சி.எஸ். பணிக்கர் அத்திருப்பத்தை நவீன இயக்கமாக வளர்த்தார். ஆயினும் கைவினையுடனான தொடர்பு முற்றிலும் அறுபடவில்லை. பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி உருவாக்கிய சிற்பங்கள், கோயில் திருமேனிகளுக்குக் கவசம் செய்யும் தொழில்நுட்பத்துடன் உறவுடையவை. எஸ். நந்தகோபால் உலோகத்தைப் பற்றவைத்து முன்முக நோக்குடைய சிற்பங்களை அமைத்தார். சோழமண்டலக் கலைஞர்கள் பத்திக் துணிகளை விற்று வாழ்வை நடத்தினர்.

இங்கு ஒரு கால ஒற்றுமை நோக்கத்தக்கது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் தொடங்கப்பட்டது. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை 1965-இல் தன் முதல் விஜயந்தா பீரங்கி வண்டியை வெளிக்கொணர்ந்தது. அதற்கு அடுத்த ஆண்டு சோழமண்டலம் உருவாயிற்று. ஒரே பத்தாண்டில் உலோகத் தொழில் நகரின் மேற்கிலும், உலோகச் சிற்பம் நகரின் தென்கிழக்குக் கடற்கரையிலும் நிலைகொண்டன. தகட்டைத் தட்டிய இரு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் தம் உரையாடலில் சேர்த்துக்கொண்டதாக அக்காலக் கலையெழுத்து காட்டவில்லை. கலைக்கு முன்மாதிரியாகக் கோயிற் கவசம் ஏற்கப்பட்டது. தொழிற்பேட்டையின் தகடு ஏற்கப்படவில்லை. மரபைத் தேடிய கண்ணுக்குச் சமகால உழைப்பு மரபாகத் தோன்றாமற் போனது இயல்பே. ஆயினும் அது ஓர் இழப்பு.

மேற்குப் புறநகர் எழுப்பும் மூன்று வினாக்கள்

முதுநிலை மாணவரின் பணி வினவுவது எனில், வினாக்கள் எங்கிருந்து வரும்? பிறநாட்டுக் கலை இதழ்களிலிருந்து அவை வரலாம். புறநகர் இரயிலின் சன்னல் வழியாகவும் வரலாம்.

அம்பத்தூர் எழுப்புவது பொருளைப் பற்றிய வினா. அங்குள்ள சிறு பட்டறைகளில் லேத், பிரஸ், வெல்டிங், பவுடர் கோட்டிங் எனப் பல பணிகள் ‘ஜாப் ஒர்க்’ முறையில் நடைபெறுகின்றன. இளநிலையில் செப்புத் தகட்டைத் தட்டக் கற்ற மாணவரிடம், ஏன் செம்பு என்று முதுநிலை வினவ வேண்டும். செம்பு கோயிலை நினைவூட்டுகிறது. எஃகுத் தகடு பேருந்தின் உடலையும் மின்பெட்டியையும் நினைவூட்டுகிறது. கையால் தட்டியதன் சீரின்மையும் எந்திரம் வெட்டியதன் விளிம்பும் வெவ்வேறு பொருள் தருவன. பட்டறைத் தொழிலாளி வெட்டிய விளிம்பில் எஞ்சும் பிசிறை அரத்தால் ராவி நீக்குகிறார். சிற்பி அப்பிசிறை விட்டுவைக்க விரும்பலாம். இத்தெரிவைக் காரணத்துடன் சொல்லக் கற்பது முதுநிலைப் பாடம்.

ஆவடி எழுப்புவது செய்பவரைப் பற்றிய வினா. அங்குள்ள படைத்துறை உடைத் தொழிற்சாலையில் தைக்கப்படும் சீருடையில் தைத்தவரின் பெயர் இருப்பதில்லை. கலைப்பட்டமோ ஒரு பெயருக்கு உரியது. படைப்பின் மூலையில் கையொப்பம் இருக்கிறது. வார்ப்பவர், பற்றவைப்பவர், நெய்பவர் எனப் பலர் கைபட்ட படைப்புக்கு ஒருவரே ஆசிரியர் ஆவது எவ்வாறு? துணி வடிவமைப்புத் துறையும் சிற்பத்துறையும் தவிர்க்கவொண்ணாத வினா இது.

பூந்தமல்லி எழுப்புவது காண்பவரைப் பற்றிய வினா. பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி அவ்வூரில் உள்ளது. கண்டு துய்ப்பதே கலை என்னும் எடுகோள் அப்பள்ளியின் வாயிலில் நின்றுவிடுகிறது. தொட்டு உணரத்தக்க சிற்பத்தையும் தொடாதீர் என்னும் அறிவிப்புடன் வைப்பது காட்சிக்கூட வழக்கம். தொடுதலுக்காகவே ஒரு படைப்பை அமைத்தால் அதன் மேற்பரப்பு, எடை, வெப்பம் ஆகியவை எவ்வாறு மாறும் என்பது பட்டறையிலேயே சோதிக்கத்தக்க ஆய்வுப் பொருளாகும்.

பொருள், செய்பவர், காண்பவர் என்னும் மூன்றும் எந்தக் கலைக்கோட்பாட்டு நூலிலும் இடம்பெறுவனவே. அவை மாணவரின் அன்றாட வழித்தடத்திலேயே கிடைக்கும்போது, விடை இரவல் வாங்கியதாக அமைய வேண்டியதில்லை.

விளக்கத்தின் மொழி

அரைக்கூறாகிய விரித்துரை எம்மொழியில் நிகழ்கிறது என்பது அடுத்த சிக்கல். கலை எழுத்துரைக்கும் காட்சிக்கூடக் குறிப்புக்கும் ஆங்கிலமே நடைமுறை மொழி. உதவிப் பேராசிரியர் பணிக்கு வழிகோலும் தேசியத் தகுதித் தேர்வின் காட்சிக்கலைத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அமைகிறது. தமிழ்வழியில் பயின்று வந்த மாணவர் ஒருவர் தம் படைப்பைத் தமிழில் நுட்பமாக விளக்கினாலும், அவ்விளக்கத்துக்குப் பட்டத்துக்கு அப்பால் மதிப்பு கிட்டுவதில்லை. விளைவாக அவர் சில ஆங்கிலத் தொடர்களை மனனம் செய்து எந்தப் படைப்புக்கும் பொருந்தும் உரையொன்றை எழுத நேரிடுகிறது. தம் கை அறிந்ததைத் தம் உரை அறியாத நிலை இது. கற்றலின் சரிபாதி இவ்வாறு வெறும் சடங்காகிவிடுகிறது.

தமிழில் கலை பேசும் மரபு இல்லை என்று இதற்கு அமைதி கூற இயலாது. கே.எம். ஆதிமூலம் தமிழ்ச் சிறுபத்திரிகைகளுடன் நெருங்கிப் பணியாற்றினார், கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசிக்கு அவர் வரைந்த கோடுகள் பரவலான வாசகரை அடைந்தன. இந்திரன், சி. மோகன் முதலியோர் நவீன ஓவியம் குறித்துத் தமிழில் தொடர்ந்து எழுதியுள்ளனர். ஆனால் இவ்வெழுத்துகள் இலக்கியச் சூழலுக்குள் வளர்ந்தவை. பட்டத்தின் மதிப்பீட்டு முறைக்குள் அவற்றுக்கு உரிய இடம் அமையவில்லை. மறுபுறம், பிசிறு, அரம், வார்ப்பு, தகடு, பற்று என்னும் பட்டறைச் சொற்கள் அம்பத்தூரில் நாள்தோறும் புழங்குகின்றன. இலக்கியத் தமிழும் பட்டறைத் தமிழும் சந்திக்கத்தக்க இடம் கலைக்கல்லூரியே.

காண்டிகை: ஒரு மாதிரி

இச்சந்திப்புக்கு உரிய வடிவத்தையும் நன்னூலே தருகிறது. கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை ஆகிய ஐந்தினால் நூற்பாவின் உட்பொருளைப் புலப்படுத்துவது காண்டிகையுரை. கலைப்படைப்பை நூற்பாவாகக் கொண்டால் இவ்வைந்தும் அதற்குப் பொருந்துகின்றன. சென்னைக் கடற்கரையில் 1959-இல் நிறுவப்பெற்ற ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையை இம்முறையில் நோக்கலாம்.

கருத்து: கூட்டு உழைப்பின் ஆற்றல். பதப்பொருள்: நான்கு ஆடவர், ஒரு பாறை, நெம்பும் கழிகள், வெண்கலம். நால்வரின் உடலும் ஒரே திசையில் சாய்வதால் தனி மனிதர் மறைந்து இயக்கம் புலனாகிறது. காட்டு: அவரே பாட்னாவில் அமைத்த தியாகிகள் நினைவுச் சின்னம், அங்கே எழுவர் ஒரு கொடியை நோக்கி முன்னேறுகின்றனர். வினா: தொழிற்சாலைகள் பெருகத் தொடங்கிய பத்தாண்டில் உழைப்பைக் குறிக்க எந்திரம் இடம்பெறாதது ஏன்? விடை: உழைப்பை உடலின் வீரமாகக் காண்கிறது இச்சிற்பம், தசையின் முறுக்கமே அதன் மொழி. பாறை எக்காலத்துக்கும் உரியது. லேத் ஒரு காலத்துக்கு உரியது. காலங்கடந்த உருவை நாடிய சிற்பி காலத்தின் கருவியைக் கைவிட்டார்.

இவ்விடையிலிருந்து அடுத்த வினா பிறக்கிறது: எட்டு மணிநேரம் எந்திரத்தின் முன் ஏறத்தாழ அசையாமல் நிற்கும் அம்பத்தூர்த் தொழிலாளியின் உழைப்பை எவ்வுருவால் காட்டுவது? அங்கே தசை முறுக்குவதில்லை, கவனமே உழைப்பு. ஒரு முதுநிலை மாணவரின் ஈராண்டுப் பணிக்கு இவ்வினா ஒன்றே போதுமானது. காண்டிகையின் பயனும் இதுவே. முந்தைய படைப்பை விளக்குவதுடன் நில்லாமல் அடுத்த படைப்புக்கான வினாவையும் அது தருகிறது.

மறுப்பும் அதற்கு விடையும்

படைப்பாளியைப் பேசவைப்பது கலையைச் சொல்லுக்கு அடிமையாக்கும் என்பது இதற்கு எழக்கூடிய வலுவான மறுப்பாகும். பேச்சுத்திறன் உடையவர் உயர்வதும், கைத்திறன் உடைய அமைதியானவர் பின்தங்குவதும் நிகழக்கூடியவை. சொல்லால் கூற இயலுமாயின் உருவாக்க வேண்டிய தேவையே இல்லை என்பதும் உண்மை.

இம்மறுப்பு தேர்வாளர் முன் தற்காத்துப் பேசும் முறைக்குப் பொருந்தும்; நன்னூல் கூறும் விரித்துரைக்குப் பொருந்தாது. தேர்வாளருக்கு உரைப்பவர் தம் படைப்பு சரியென நிறுவ முயல்கிறார். கற்பவருக்கு உரைப்பவரோ அது எவ்வாறு உருவானது, எங்கே தடுமாறியது, வேறு எவ்வழிகள் இருந்தன என்பவற்றைத் திறந்து காட்டுகிறார். இளநிலை மாணவருக்குத் தம் பணியை விளக்குவதையும், தாம் கற்ற பட்டறையின் தொழிலாளரிடம் முடிந்த படைப்பைக் காட்டி உரையாடுவதையும் முதுநிலை மதிப்பீட்டின் பகுதியாக்கினால் பேச்சு அலங்காரம் தானே உதிர்ந்துவிடும். தகட்டை அறிந்தவரிடம் தகட்டைப் பற்றிப் பொய்யுரைக்க இயலாது.

முடிவுரை

கவின்கலை முதுநிலையில் கற்கப்படுவது கைத்திறனின் மிகுதியன்று; அத்திறனை எதற்குப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்கும் அறிவும், அத்தீர்மானத்தைப் பிறர்க்குப் புலப்படுத்தும் ஆற்றலுமே ஆகும். நன்னூலின் கணக்கின்படி இது கற்றலின் முக்காற்கூறு. இதனை நிறைவேற்ற மூன்று மாற்றங்கள் போதுமானவை: விமரிசன அமர்வுக்கு வரையறுத்த மதிப்பெண் அளித்தல், படைப்புரையைத் தமிழில் காண்டிகை வடிவில் எழுதுவதை ஆங்கில உரைக்கு இணையாக ஏற்றல், மேற்குப் புறநகர்ப் பட்டறைகளில் ஒரு பருவத்துக் களப்பணி. முதலிரண்டுக்குப் புதுக் கட்டடமோ பெரும்பொருளோ தேவையில்லை. மூன்றாவதற்கு வேண்டிய சாலையும் இருப்புப்பாதையும் முன்பே உள்ளன. தமிழ்த்துறை ஆய்வாளர்க்கும் இதில் பங்குண்டு: உரைமரபை நூற்பாவுக்கு மட்டும் உரியதெனக் கொள்ளாது, வெண்கலத்துக்கும் தகட்டுக்கும் அது எவ்வாறு பயன்படும் என்று ஆராய்வது அவர்கள் முன்னுள்ள பணியாகும்.